மஞ்சள் பொட்டு வைத்த கேசட்

உலகத்தில் எல்லா ஊரிலும் கேசட் செத்துப் பல வருடமாகிவிட்டது. லோயர் கேம்பிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் உள்ள எங்கள் பக்கத்தில் மட்டும் அது வருடா வருடம் கூடுதலாக விற்கிறது. ஒரே ஒரு கேசட். பெயர் 'மேகாத்து', மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று என்று அர்த்தம். பாடியவர்கள் 'சுருளிச்சாரல்' குழு. சினிமாக்காரர்கள் வாசலை மிதிக்காமல், நாலு பையன்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தமாகப் பதிவு செய்து, பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகத் தோள்பையில் போட்டு விற்ற கேசட். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குழு என்றைக்கோ கலைந்துபோனது. ஒருவர் மலேசியாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். மற்ற இருவரைப் பற்றிப் பேச ரசிகர் பேரவையின் முன் அனுமதி வேண்டும்.

இப்போது கேசட்டைப் போட்டு விற்பதும் அந்தப் பேரவைதான். அதன் தலைமை அலுவலகம் சின்னமனூரில், உரக்கடை மாடியில் இருக்கிறது. போனில் விரல் வைத்தால் உலகத்துப் பாட்டெல்லாம் கொட்டுகிற இந்தக் காலத்தில் 'மேகாத்து' மட்டும் எப்படிச் சரியாமல் விற்கிறது என்று அங்கே மாதம் ஒருமுறை கூடி விவாதிப்பார்கள். தாளமே காரணம் என்பார் ஒருவர். மண்வாசனையே காரணம் என்பார் இன்னொருவர். ஒருமுறை மேஜை விளக்கு உடைந்தது. எங்கள் ஊர் எருமைக்குக்கூடத் தெரிந்த காரணத்தை மட்டும் அங்கே யாரும் வாய்திறந்து சொன்னதில்லை.

அந்தக் காரணம் செய்முறை, அதாவது விசேஷ வீட்டுக்கு வைக்கிற மொய்யும் சீரும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தட்டில் ஒரு 'மேகாத்து' வைக்க வேண்டும். ஆரம்பத்தில் பாட்டு நன்றாக இருக்கிறதே என்று யாரோ ஆசையாக வைத்திருப்பார்கள். வைத்ததைத் திருப்பி வைக்க வேண்டும், திருப்பி வைக்கும்போது ஒன்று கூட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படியே கூடிக் கூடி, இன்று தாய்மாமன் சீர் என்றால் கொட்டுமேளத்தோடு பெண்கள் வரிசையாகத் தூக்கி வரும் தட்டுகளில் பழத்தட்டைவிடக் கேசட் தட்டுதான் அதிகம். கண்ணாடித்தாள் உறை பிரியாமல் இருக்க வேண்டும். வலது மூலையில் மஞ்சள் பொட்டு இருக்க வேண்டும். ஆடிக்கு ஆடி உறையின் நிறம் மாறும், போன வருட நிறத்தில் வைத்த சீர் சீரே அல்ல. பழசைப் பேரவையில் கொடுத்துவிட்டால் புதுசு பாதி விலைக்குக் கிடைக்கும். உறை பிரிந்ததைச் சபையில் வைத்தால் வைத்தவன் குடும்பத்துக்கு ஆகாது. என்ன ஆகும் என்று கேட்டால், "வருசநாட்டுல ஒருத்தன் பிரிச்சான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் கேசட் போடுகிற பெட்டி ஒரு வீட்டிலும் கிடையாது.

பிலவேந்திரனுக்கு இந்த விவாதமெல்லாம் தெரியாது. சின்னமனூருக்கு மேற்கே வேதக்காரர்கள் தெருவில் இருப்பவர். கொஞ்சம் பன்னீர் திராட்சைப் பந்தல், அதைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி, மனைவி செலின், இவ்வளவுதான் அவருடைய உலகம். செலின் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள். போன வருடம் மதுரையில் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் வந்தது, குரல் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பேசினால் காற்றுதான் வரும், அதையும் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும்.

ஒருநாள் பிலவேந்திரன் தன் போனில் செலின் முன்பு அனுப்பிய வாட்ஸப் குரல்களைத் தேடிப்பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க." "தண்ணி தொறந்துவிட்டாகளாம், பந்தலுக்குப் போங்க." இதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட மனிதரைப் பார்த்துச் செலினுக்குச் சிரிப்பு வந்தது.

"பாடுனது ஒண்ணுகூட இல்லியே புள்ள. கோயில்ல எடுத்ததெல்லாம் கூட்டத்தோட கூட்டமாக் கெடக்கு, ஒன் கொரலத் தனியாப் பிரிக்க முடியல" என்றார் அவர்.

"தனியாப் பாடுனது ஒண்ணுதான்" என்றாள் செலின், காற்றில். "மேகாத்துல. கடேசிப் பாட்டு. பள்ளிக்கூடம் படிக்கையில அந்தப் பயலுக கோயில் ஆர்மோனியத்த இரவல் கேட்டு வந்தாக. பங்குச்சாமி என்னையும் சேத்து அனுப்பிவச்சாரு."

இது அவருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அந்தப் பாட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் கேட்கலாம் என்று நினைத்தார், அப்புறம் குரலே வீட்டில் இருக்கும்போது கேசட் எதற்கு என்று விட்டுவிட்டார். அதற்காக இப்போது தன்னைத்தானே வைதுகொண்டார்.

மறுநாளே தேனிக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். பரணில் ஒரு சாக்கு நிறையக் கேசட் இருந்தது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக வைக்கச் சேர்த்தது. அதில் ஒன்றைப் பிரித்தால் போகிறது. செலின் முகத்தில் ஆசையும் பயமும் சேர்ந்தே தெரிந்தன.

"இப்ப வேணாம். ஞாயித்துக்கெழம பூசை முடிச்சு வந்து கேப்போம்" என்றாள். தன் பழைய குரலைக் கேட்க அவளுக்குத் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்ட வேண்டும்போல இருந்தது.

ஆனால் டேப் ரெக்கார்டரை வண்டியிலிருந்து இறக்கியபோதே பக்கத்து வீட்டு மொக்கம்மாள் பார்த்துவிட்டிருந்தாள். "இது என்ன பெட்டி?" என்றாள். அவர் சொன்னார். அவள் வெளியே காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மிளகாய் அப்போதுதான் காயப்போட்டது.

பொழுது சாய்வதற்குள் ஒரு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டி வந்தவன் சூரியபிரகாஷ். கம்ப்யூட்டர் படித்த பையன். ஒரு காலத்தில் 'மேகாத்தைப் பிரித்து இன்டர்நெட்டில் ஏற்றி உலகத்துக்கே கேட்க வைப்பேன்' என்று டீக்கடையில் சபதம் போட்டவன். போட்ட அடுத்த மாதமே பேரவையின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் ஆனான். பாட்டு இன்றுவரை ஏறவில்லை.

"அண்ணே, தலைவர் ஒங்களப் பாக்கணும்னு சொன்னாக. பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொன்னாக" என்றான் மரியாதையாக. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விட்டுருங்கண்ணே. நானும் ஒருதடவ இப்படித்தான்…" என்று ஆரம்பித்தான். பின்னால் இருந்தவன் அவன் தோளில் கையை வைத்ததும் நிறுத்திவிட்டான்.

தலைவர் சுந்தரலிங்கம் வெள்ளைச் சட்டையில், சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொதுச்செயலாளர் அனுசுயா. ட்யூஷன் சென்டர் நடத்துகிறவர், எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கம் உள்ளவர்.

"டேப்பு ரெக்கார்டர் வாங்கியிருக்கீகளாமே?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா."

"எதுக்கு?"

"பாட்டுக் கேக்க."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

"தப்பா நெனைக்காதீக பிலவேந்திரன்" என்றார் சுந்தரலிங்கம். "கேக்குறது குத்தம்னு நான் சொல்ல வரல. ஆனா ஊரு ஒலகம் பூரா இன்னைக்கு ஸ்ட்ரீமிங்குல கேக்குது. என்ன ஆச்சு? காலையில கேக்குறான், சாயங்காலம் மறந்துர்றான். கேக்கக் கேக்கப் பாட்டு தேஞ்சுபோகுது. நம்ம பாட்ட யாரும் கேக்குறதில்ல. அதனாலதான் இத்தன வருசமாத் தேயாம நிக்கிது. கேக்குறவரு கேட்டுட்டுப் போயிருவாரு. வாங்குறவருதான் ரசிகரு."

"இன்னொண்ணு சார்" என்றார் அனுசுயா. "நீங்க கேக்குறீங்க. கேட்டுட்டு, ஒருவேளை சுமாராத்தான் இருக்குன்னு ஒங்களுக்குத் தோணிருச்சுன்னு வைங்க. அந்தப் பொறுப்ப யார் ஏத்துக்கிறது?"

பிலவேந்திரனுக்கு எதுவும் புரியவில்லை. "நான் ரசிகரு இல்லங்கம்மா. எம் பொண்டாட்டி அதுல பாடியிருக்கா. அவளுக்கு இப்பக் கொரலு போயிருச்சு. ஒருதடவ கேட்டாப் போதும்."

"அப்படிச் சொல்லிக்கிட்டு நெறயப் பேரு வாராக" என்றார் தலைவர், வருத்தமாக. "போன வருசம் ஒருத்தரு வந்தாரு. நாந்தான் கிதாரு வாசிச்சேன்னாரு. உறுப்பினர் அட்டை இருக்கான்னு கேட்டோம். இல்லன்னாரு. அனுப்பிவச்சுட்டோம்."

"எங்க?" என்று கேட்டார் பிலவேந்திரன்.

காப்பி வந்தது. குடித்தார்கள். பெட்டி பாதுகாப்பாக இங்கேயே இருக்கட்டும் என்றும், கேட்பதற்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தனிமனிதர் யாருக்கும் இல்லை, தை மாத மாநாட்டில் பொதுச்சபைதான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். சூரியபிரகாஷ் அவரை வீடுவரை கொண்டுவந்து விட்டான்.

மறுநாள் காலை வாசலில் ஒரு கேசட் கிடந்தது. உறை பிரியாதது, மஞ்சள் பொட்டு வைத்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அதற்கு மறுநாள் இரண்டு கிடந்தன. பின்பு படியெல்லாம் கிடந்தன. சபையில் தட்டில் வைக்கிற பொருளை ஆளில்லாத வாசலில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் கணக்கு முடிந்தது, இனி எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நீ வர வேண்டாம்.

தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவெல்லாம் பத்திரிகை வந்தது. தாய்மாமனுக்கு வரவில்லை. பிலவேந்திரன் நேரே போய்க் கேட்டார். தங்கச்சி கதவைப் பாதி திறந்துகொண்டு அழுதாள். "நீ பிரிக்கப் போறேன்னு ஊரே பேசுதுண்ணே. பொண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். திராட்சை வாங்கும் மாரிசெல்வமும் வண்டியைத் திருப்பி அனுப்பினான். "பழம் நல்லாத்தாண்ணே இருக்கு. வாங்குனா எனக்கு நல்லா இருக்காது."

பழம் கொடியிலேயே கனிந்து வெடித்தது. பந்தலுக்குள் தேனீ மொய்த்தது. வேறு டேப் ரெக்கார்டர் தேடிப் பெரியகுளம் வரை போனார். இவர் முகத்தைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் இல்லை என்றார்கள். பேரவையிலிருந்து முன்பே சொல்லிவைத்திருந்தார்கள்போல.

"விட்டுருங்க" என்றாள் செலின். "போன கொரலுக்கு இருக்கிற ஒறவ எல்லாம் குடுக்கணுமா?"

"நான் கேக்க வேணாமா புள்ள?"

"நீங்க இருவத்தஞ்சு வருசமாக் கேட்டீக. நாந்தான் கேக்கல. பாடுறவளுக்கு அவ கொரலு எங்க கேக்குது?" சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அவ்வளவு நீளமாகப் பேசினால் அவளுக்கு இளைக்கும். அதற்குப் பிறகு 'விட்டுருங்க' என்று அவள் சொல்லவில்லை. அவரும் விடவில்லை.

தை மாதம் தேனியில் பெரிய கல்யாண மண்டபத்தில் மாநாடு நடந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே அலையலையாக ஜனம். காலை நிகழ்ச்சியே பட்டிமன்றம்தான். தலைப்பு: 'ஸ்ட்ரீமிங் யுகத்திலும் மேகாத்தின் மங்காத விற்பனைக்குப் பெரிதும் காரணம் இசையா? வரிகளா?' நடுவர் பேராசிரியர் ஞானசிகாமணி.

இசையே என்ற அணியில் ஒருவர் மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழலைச் சொல்லிக் கண்ணீர் விட்டார். அடுத்து வந்தவர் அதே இடத்தில் வரும் உறுமியைச் சொல்லி மெய்சிலிர்த்தார். எதிரணிக்காரர் குறுக்கிட்டு, அது புல்லாங்குழலா உறுமியா என்று முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார். "அதுதான் இந்த இசையின் மேன்மை. கேட்பவர் மனத்துக்கு ஏற்ற கருவியாக அது ஒலிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார் நடுவர். மண்டபம் அதிர்ந்தது. வரிகளே என்ற அணியில் ஒரு வரியைக்கூட யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதன் கற்பு கெட்டுவிடும் என்றார்கள்.

கடைசியாக அனுசுயா எழுந்தார். "எல்லாரும் சத்தத்தைப் பத்தியே பேசுறீங்க. மேகாத்துல ஒரு மௌனம் இருக்கு. அந்த ஆழமான மௌனத்த உணர்ந்தவங்களுக்குத்தான் தெரியும். ஒருதரம் உணர்ந்தவங்க அதுக்கப்புறம் பேரவையை விட்டுப் போகவே மாட்டாங்க" என்றார். நிர்வாகிகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மற்ற ஜனம் கைதட்டியது.

பிலவேந்திரன் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் செலின், பூசைக்குக் கட்டுகிற நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, புல்லாங்குழலா உறுமியான்னு சண்ட போடுறதுக்கு, ஒருதடவ போட்டுக் கேட்டுட்டா முடிஞ்சு போச்சு. கடேசிப் பாட்டுல எம் பொண்டாட்டி பாடியிருக்கா. அத இங்கன எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க."

முன் வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். யாராவது அடிப்பார்கள் என்றுதான் பிலவேந்திரன் நினைத்தார். ஆனால் மேடையில் சுந்தரலிங்கம் சிரித்தார்.

"நியாயமான கோரிக்கை" என்றார் மைக்கில். "பேரவை அனுமதிக்கிறது. அவரு கேக்கட்டும். கேட்டுட்டு வந்து நமக்குச் சொல்லட்டும்."

அவரை மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவருடைய டேப் ரெக்கார்டர் மேஜையில் தயாராக இருந்தது. தூசு துடைத்து வைத்திருந்தார்கள். நிர்வாகிகள் எல்லோரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். சூரியபிரகாஷ் கதவைத் தாழிட்டான். சுந்தரலிங்கம் ஒரு புதுக் கேசட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்களே பிரிங்க. நாங்க தொடமாட்டோம்."

பிலவேந்திரன் கண்ணாடித்தாளைப் பிரித்தார். கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. காத்திருந்தார். மறுபக்கம் திருப்பிப் போட்டார். சக்கரம் சுற்றியது. காதைக் கிட்டத்தில் கொண்டுபோனார். இரைச்சல்கூட இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தார். கண்ணாடி வழியாகத் தெரியும் கறுப்பு நாடா, நாடாவே அல்ல, உள்பக்கம் ஒட்டிய கறுப்புத்தாள். உள்ளே இரண்டு சக்கரம் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"இது வெத்துங்கய்யா" என்றார். "வேற ஒண்ணு குடுங்க."

"எல்லாம் அப்படித்தான்" என்றார் சுந்தரலிங்கம். அவர் குரலில் கனிவு இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "பத்துப் பதினோரு வருசத்துக்கு முன்னாடி மூலப் பதிவு நாடா பூஞ்சை புடிச்சுப் போச்சு. அப்ப ஒரு முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி. பாட்டு போச்சுன்னு சொல்லி விற்பனைய நிறுத்துறதா? சரி, ஒரு மாசத்துக்கு நாடா இல்லாமப் போட்டுப் பாப்போம்னு போட்டோம். ஒரு புகாரு வரல பிலவேந்திரன். ஒரே ஒரு புகாரு வரல! அந்த வருசந்தான் விற்பனை எப்பவும் இல்லாத அளவுக்குக் கூடுச்சு. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்லுவாக. அது சோத்துக்கு. சீருக்கு அகப்பை போதும்."

"பழைய கேசட்டு? ஜனங்க திருப்பிக் குடுத்ததெல்லாம்? அதுல பாட்டு இருக்குமே?"

"அழிச்சாச்சு. ரெண்டு வெதமா இருந்தாக் கொழப்பம் வரும்ல."

பிலவேந்திரன் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இங்கன நிக்கிற எல்லாரும் ஒங்கள மாதிரி கேக்க ஆசப்பட்டு வந்தவுகதான்" என்றார் தலைவர். "பிரிச்சாக. பாத்தாக. அப்புறம் எங்க போறது? இப்ப நீங்க வெளிய போய், உள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. நான் தடுக்கமாட்டேன். ஆனா இத்தன வருசமா வச்ச சீரு என்ன ஆகும்? இந்த மண்டபத்துல இருக்கிற தாய்மாமன் அத்தன பேரும் அக்கா தங்கச்சி சபையில வெறும் டப்பாவ வச்சவனா ஆயிருவான். ஒங்க தங்கச்சிக்கு நீங்க வச்சதுந்தான். அத ஒங்க வாயால கேக்குறவுக ஒங்கள என்ன செய்வாகன்னு எனக்குச் சொல்லத் தெரியல. வருசநாட்டுல ஒருத்தரு போய்ச் சொன்னாரு."

அனுசுயா அவருடைய தோளில் ஒரு பச்சைத் துண்டைப் போட்டார். "இன்னையிலருந்து நீங்க கேட்புச் செயலாளர் சார். நல்ல பொறுப்பு. வேலை ஒண்ணும் இருக்காது."

மேடையில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மண்டபம் காத்திருந்தது. செலின் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும், பாவம், அவருக்கு உண்மை சொல்லும் தைரியம் சுத்தமாகப் போய்விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை என்பதைச் சபையிடம்கூடச் சொல்லியிருப்பார். அவளிடம் எப்படிச் சொல்வது?

"கேட்டேன்" என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலின் பின்வரிசையில் நின்று தான் கேட்ட குரலை நினைத்துக்கொண்டு பேசினார். "கடேசிப் பாட்டு. ஒரு புள்ளையோட கொரலு. மேமலையில மழ எறங்கி வர்ற மாதிரி எறங்கி வருது. நாலு வரிதான். ஒவ்வொரு வார்த்தையும் முத்து முத்தா விழுகுது. மூணாவது வரியில அவ மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. அது அங்கன பத்திரமா இருக்கு. அப்படியே இருக்கு." சொல்லும்போது நிஜமாகவே அழுதார்.

மண்டபமே அழுதது. நடுவர் ஞானசிகாமணி, விற்பனைக்குக் காரணம் இசையும் அல்ல வரிகளும் அல்ல, மூன்றாவது வரியில் வாங்கும் மூச்சே என்று தீர்ப்பளித்தார். வாசலில் போட்டிருந்த விற்பனைக் கடையில் ஜனம் முட்டிமோதியது. புதுக் கேட்புச் செயலாளரின் வண்டியில் பேரவையின் அன்பளிப்பாகப் பெட்டி பெட்டியாக 'மேகாத்து' ஏற்றினார்கள். மாரிசெல்வம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே பழம் அனுப்பச் சொன்னான்.

மதியத்துக்கு மேல் வீடு திரும்பினார்கள். வீரபாண்டி தாண்டினார்கள். இருபக்கமும் நெல் வயல், எதிரே மேகமலை. வாய்க்கால் கரையோரம் வந்ததும் செலின் அவர் பக்கம் சாய்ந்தாள்.

"நாலு வரியுமா கேட்டுச்சு?"

"நாலு வரியும்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு புள்ள."

அவள் ரோட்டைப் பார்த்தாள். "அதுல வரியே கெடையாது" என்றாள். "வாயத் தொறக்காம வெறும் 'ம்'முன்னு ஒரு ராகம். வார்த்தையே கெடையாது."

பிலவேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"சக்கரம் ரெண்டு இருக்கு" என்றார். மைக்கைக் கையில் வாங்கிய பிறகு அவர் சொன்ன முதல் உண்மை அது.

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. "மேடையில நீங்க சொன்னதக் கேட்டு, நானே வார்த்தையோடதான் பாடுனேனோன்னு ஒரு நிமிசம் நம்பிட்டேன்" என்றாள். பிறகு அவருடைய கையைத் தட்டி, "இப்படித்தான் இருக்கும். கேளுங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டு அந்த ராகத்தை எடுத்தாள்.

அவர் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார். பாதி காற்று, பாதி கரகரப்பு. இடையில் அறுந்தது, மறுபடி பிடித்தாள். ஆனால் ராகம் இருந்தது. ஏறி, ஒரு இடத்தில் தயங்கி நின்று, இறங்கியது. முப்பது வருடத்துக்கு முந்தைய மோட்டார் ரூமில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பாடியது அவருக்கு அப்படியே கேட்டது. இன்னும் ஒருமுறை பாடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

பக்கத்தில் பைக் வந்து நின்றது. தேனியிலிருந்தே பின்னால் வந்திருக்கிறது. சூரியபிரகாஷ் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் தூக்கினான்.

"என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல தம்பி. சும்மாதான் நின்னோம்."

"அண்ணி பாடுன மாதிரி இருந்துச்சே? மேகாத்துப் பாட்டா?"

செலின் அவரைப் பார்த்தாள். பைக்கில் பின்னால் இருந்தவனும் அவரைப் பார்த்தான். தோளில் பச்சைத் துண்டு கனத்தது.

"இல்லியே" என்றார் பிலவேந்திரன். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"சரிண்ணே. நீங்க சொன்னாச் சரிதான். நீங்கதான கேட்புச் செயலாளரு" என்றான் சூரியபிரகாஷ். அவன் குரலில் கேலி இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்ததுபோலத் தோன்றியது. வீடுவரை பின்னாலேயே வந்தார்கள்.

வாசலில் தங்கச்சி காத்துக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. மொக்கம்மாளும் தன் வாசலில் மிளகாயை மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படியில் கிடந்த கேசட்டெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை, கூட்டிக் கோலம் போட்டிருந்தது.

"அண்ணே, ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ வந்து மொத சீரு வைக்கணும்" என்று தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வைக்கிறேன் ஆத்தா. வண்டி நெறயக் கொண்டாந்திருக்கேன்" என்றார் பிலவேந்திரன்.

செலினைப் பார்த்து மஞ்சள் குழைத்துக்கொண்டுவரச் சொன்னார். அவள் அசையாததால், தானே உள்ளே போய்க் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்து, படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாக எடுத்து வலது மூலையில் பொட்டு வைக்க ஆரம்பித்தார். தங்கச்சி எடுத்து எடுத்துக் கொடுத்தாள். செலின் வண்டியைவிட்டு இறங்கவில்லை.